சதுரச் சட்டமும் மலைச்சரிவும்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் முன்னோர் மொழி. அடுப்படியில் நிற்கும் எந்தத் தாயும் பானையிலுள்ள சோறு முழுவதையும் நசுக்கிப் பார்ப்பதில்லை. அகப்பையாற் சிறிது எடுத்து, ஒரு பருக்கையை விரலிடையே வைத்து அழுத்திப் பார்க்கின்றாள். பானை முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றாள். ஒரு சிறு பகுதியைக் கொண்டு பெரியதொரு முழுமையை அறியும் கலை நமக்குப் புதிதன்று. அக்கலை மலைச்சரிவிலே வளரும் செடிகொடிகளை அறிவதற்கு எவ்வாறு பயன்படும், எவ்விடத்தில் அது நம்மை ஏமாற்றும், ஏமாறாதிருக்க அறிஞர் கண்ட வழி யாது என்பவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

நான் கலைத்துறையிலே பட்டம் பெற்றவன். தாவரவியலை முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் தெல்தோட்டையிலே ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர் என்ற முறையில், விஞ்ஞான ஆசிரியர்களோடும் மாணாக்கரோடும் சரிவுகளில் ஏறி இறங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்து வருகின்றது. மாணாக்கர் நான்கு குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு சதுரத்தைப் புல்லின்மேல் வைத்துவிட்டு, அதனுள் அகப்பட்டவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக் கொப்பியிற் குறிப்பதைப் பார்க்குந்தோறும், இது விஞ்ஞானிக்கு மட்டும் உரிய முறையன்று, நேர்மையாகத் தீர்ப்புச் சொல்ல விரும்பும் எவருக்கும் உரிய முறை என்ற எண்ணமே எனக்கு வலுக்கின்றது.

தெல்தோட்டையை நேரிற் காணாத நேயர்களின் பொருட்டு அவ்விடத்தைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாக வளைந்து வளைந்து ஏறும் வீதியிலே சென்றால் தெல்தோட்டையை அடையலாம். 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டு, இலங்கையின் தேயிலைத் தொழிலுக்கு அடிகோலிய லூல்கந்துரைத் தோட்டம் இம்மலைப் பகுதியிலேதான் இருக்கின்றது. தேயிலைக்கு முன்னர் இம்மலைகளிற் கோப்பி இருந்தது. கோப்பிக்கு முன்னர் காடு இருந்தது. ஆகவே நாம் இன்று காணும் சரிவுகள் பலமுறை உருமாறிய சரிவுகள். கவ்வாத்துச் செய்து நிரை நிரையாக நிற்கும் தேயிலை, பராமரிப்பின்றிக் காடாகிப்போன பழைய தேயிலை, மானாப்புல் மூடிய வெளி, ஓடைக்கரையில் எஞ்சி நிற்கும் மரத்திரள், மிளகுக்கொடி படர்ந்த வீட்டுத்தோட்டம் என்பனவெல்லாம் இங்கே அடுத்தடுத்துத் தோன்றும்.

இத்தகைய சரிவொன்றைப் பஸ் வண்டியின் சாளரத்தினூடே பார்த்துக்கொண்டு போகும் ஒருவர், "எல்லாம் மானாப்புல், வெறுந் தரிசு" என்பார். மற்றொருவர், "போன வருஷத்தைவிட நாயுண்ணி பெருகிவிட்டது" என்பார். மூன்றாமவர், "முன்னெல்லாம் ஓடைக்கரையில் வல்லாரை எவ்வளவோ கிடைத்தது, இப்பொழுது அறவே இல்லை" என்பார். மூவரும் பொய் சொல்பவரல்லர். ஆயினும் மூவரில் ஒருவரும் எண்ணிப் பார்த்தவரல்லர். அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், அன்றாகவும் இருக்கலாம். எண்ணிப் பார்க்கும்வரை அஃது அபிப்பிராயமே.

கண் நம்மை ஏமாற்றும் வழிகள் மூன்று. முதலாவது, பளிச்சென்ற நிறமுடையது மிகுதியாக இருப்பதுபோலத் தோன்றும். நாயுண்ணி பூத்திருக்கும் காலத்தில் அதுவே சரிவை நிறைத்திருப்பதுபோலத் தெரியும்; பூவுதிர்ந்த பின்னர் அதே செடி கண்ணிற் படுவதில்லை. இரண்டாவது, உயர்ந்தது தாழ்ந்ததை மறைத்துவிடும். இடுப்பளவு வளர்ந்த மானாப்புல்லின் அடியிலே புளியாரையும், தொட்டாற்சுருங்கியும், விரலளவு உயர்ந்த மரக்கன்றும் இருப்பதை நிமிர்ந்து நிற்பவன் காணமாட்டான். மூன்றாவது, நாம் நடக்கும் பாதையோரத்தையே நாம் பார்க்கின்றோம். பாதையோரத்திலே ஆடுமாடுகள் மேய்ந்திருக்கும், மனிதர் மிதித்திருப்பர், வெளிச்சமும் மிகுதி. அங்கே வளர்வது உள்ளே வளர்வதன்று. பாதையிலிருந்து பார்த்து மலைக்குத் தீர்ப்புச் சொல்பவன், வாயிற்படியில் நின்று வீட்டின் நிலைமையைச் சொல்பவனையே ஒப்பான்.

இவ்வுண்மையை விஞ்ஞான உலகிற்கு அழுத்தமாக எடுத்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலே வாழ்ந்த இரண்டு இளைஞர்கள். பிரெடெரிக் கிளெமென்ற்ஸ் ஒருவர்; ரொஸ்கோ பவுண்ட் மற்றவர். அங்குள்ள பரந்த புல்வெளிகளிலே எந்தச் செடி மிகுதி, எது அருகியது என்பதை அவர்கள் ஆண்டுக்கணக்காக நடந்து பார்த்துக் கண்மதிப்பாலே வகுத்திருந்தனர். பின்னர் ஐந்து மீற்றர்ப் பக்கமுடைய சதுரங்களை நிலத்திலே வகுத்து, உள்ளேயிருந்த செடிகளை ஒவ்வொன்றாக எண்ணினர். எண்ணிக்கையும் கண்மதிப்பும் ஒத்துவரவில்லை. பயிற்சி மிக்க கண்ணையும் நம்பலாகாது என்று கண்டு, 1898ஆம் ஆண்டில் அம்முறையை எழுதி வெளியிட்டனர். அவர்கள் வகுத்த அச்சதுரத்தையே ஆங்கிலத்திற் குவாட்ரட் என்கின்றனர். நாம் அதனைச் சதுரச் சட்டம் என்று சொல்வோம்.

இவ்விருவருள் ரொஸ்கோ பவுண்ட் பிற்காலத்திலே சட்ட அறிஞராகப் புகழ்பெற்று, 1916 முதல் 1936 வரை ஹாவார்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் தலைவராக விளங்கினார் என்பது இங்கே நினைக்கத் தக்கது. நீதிமன்றத்திலே 'எனக்கு அப்படித் தோன்றியது' என்பது சாட்சியமாகாது. கண்டதைக் கண்டவாறு அளவோடு சொல்லவேண்டும். புல்வெளியிலும் அதே நியாயந்தான் வேண்டும் என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்திருந்தார்.

அவர்களுக்கும் முன்னரே, சதுரம் என்ற பெயரிடாமல் இதே வேலையைச் செய்து பார்த்தவர் சார்ள்ஸ் டார்வின். இங்கிலாந்திலே தம் வீட்டருகே மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலத்தைக் கொத்தித் துப்புரவாக்கி, அதில் முளைத்த களைகளையெல்லாம் முளைக்க முளைக்கக் குறியிட்டு வந்தார். முளைத்தவை 357. அவற்றுள் 295 அழிந்துவிட்டன. பெரும்பாலும் நத்தையினத்தைச் சேர்ந்த ஓடில்லாத பிராணிகளும் பூச்சிகளுமே அவற்றைத் தின்றன. இன்னொரு துண்டு நிலத்திலே, ஒழுங்காக வெட்டப்பட்டு வந்த புற்றரையை வெட்டாமல் வளரவிட்டார். மூன்றடிக்கு நான்கடியான அச்சிறு இடத்திலிருந்த 20 இனங்களில் 9 இனங்கள், வலியவை ஓங்கி வளர்ந்தமையால் மடிந்து போயின. உயிர்கள் பிழைப்பதற்குப் படும் பாட்டை 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலில் விளக்கியபோது, அவர் எடுத்துக் காட்டிய சான்றுகளில் இவ்விரண்டும் அடங்கும். ஒரு பாயின் அளவுக்கும் குறைந்த நிலத்தை எண்ணியதனாலே கிடைத்த அறிவு அது.

இனி நாம் தொடங்கிய பழமொழிக்கு மீள்வோம். பானைச் சோற்றுக்கு ஒரு பருக்கை போதும். மலைச்சரிவுக்கு ஒரு சதுரம் போதுமா? போதாது. காரணம் எளிது. பானையிலே நீர் கொதிக்கின்றது; அகப்பை துழாவுகின்றது; எல்லாப் பருக்கையும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் வேகின்றன. மலையை யார் துழாவினார்? முகட்டிலே மண் மெலிந்திருக்கும், அடிவாரத்திலே தடித்திருக்கும். ஒரு பக்கம் காற்றடிக்கும். மறுபக்கம் ஈரம் தங்கும். விதைகள் தாய்ச்செடியின் அருகிலேயே விழுவதால் செடிகள் கூட்டங் கூட்டமாக நிற்கும். ஆகவே மலைக்குப் பதம் பார்க்க விரும்புகின்றவன் பல சதுரங்களை வைத்துப் பார்க்கவேண்டும். அவற்றை எங்கே வைப்பது என்பதைத் தன் விருப்பத்துக்கு விடாமலிருக்கவும் வேண்டும். முறை முழுவதற்கும் உயிர்நாடி இந்த இரண்டாவது விதியே.

சட்டம் செய்வதற்குப் பணச்செலவு வேண்டியதில்லை. ஒரு மீற்றர் நீளமான நான்கு மூங்கிற் சிம்புகளை மூலைகளிற் கட்டினால் ஒரு சதுர மீற்றர்ச் சட்டம் ஆயிற்று. பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு நூலாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் அதனுள் 100 சிறு சதுரங்கள் கிடைக்கும். புல் பூண்டுகளுக்கு இவ்வளவு போதும்; நெருங்கி வளரும் சிறு பூண்டுகளுக்கு அரை மீற்றர்ச் சட்டமே வசதி. புதர்களை எண்ணுவதற்கு நான்கு அல்லது ஐந்து மீற்றர்ப் பக்கமுடைய சதுரத்தை முளையடித்துக் கயிற்றாற் கட்டவேண்டும். மரங்களுக்குப் பத்து அல்லது இருபது மீற்றர் வேண்டும். எண்ணப்படும் செடி எவ்வளவு பெரிதோ அதற்கேற்பச் சதுரமும் பெரிதாக வேண்டும் என்பதே விதி.

சட்டத்தை எங்கே வைப்பது? பலர் கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குப் பின்னால் எறிந்து, விழுந்த இடத்தில் எண்ணுகின்றனர். இது குருட்டு வாய்ப்புப் போலத் தோன்றினும் அன்று. எறிபவன் கால் வைக்க வசதியான இடத்திலே நிற்கின்றான். முட்செடியும் அட்டையும் உள்ள பக்கத்துக்கு அவன் கை தானாகவே எறியாது. ஆகவே நல்ல வழி சீட்டெடுப்பதாகும். சரிவின் அடியிலே 50 மீற்றர் நீளமாக ஒரு நாடாவை விரியுங்கள். அதற்குச் செங்குத்தாக மேல்நோக்கி 40 மீற்றர் நீளமாக இன்னொன்றை விரியுங்கள். 1 முதல் 50 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவிலும், 1 முதல் 40 வரை எழுதியவற்றை இன்னொரு டப்பாவிலும் இட்டுக் குலுக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டை எடுங்கள். இருபத்தேழும் பதினொன்றும் வந்தால், அடிக்கோட்டில் 27ஆம் மீற்றரிலிருந்து மேலே 11 மீற்றர் சென்று சட்டத்தை வைக்கவேண்டும். அங்கே முட்புதர் இருந்தாலும் அதுவே இடம். வெறுங்கல் இருந்தாலும் அதுவே இடம். 'இங்கே ஒன்றுமில்லை, சற்றுத் தள்ளி வைப்போம்' என்பவன் அந்தக் கணத்திலேயே சாட்சியத்தைத் திருத்தியவனாகின்றான். சூனியமும் ஒரு விடைதான். அதனையும் கொப்பியில் எழுதவேண்டும்.

சட்டத்தின் ஓரத்திலே பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்கும் செடியை என்ன செய்வது? வேர் உள்ளே இருந்தால் எண்ணவேண்டும். இலை மட்டும் உள்ளே சாய்ந்திருந்தால் எண்ணலாகாது. வேரே கோட்டின்மேல் இருந்தால், மேற்புறத்துக் கோட்டிலும் இடப்புறத்துக் கோட்டிலும் உள்ளவற்றைச் சேர்த்துக்கொண்டு, கீழ்ப்புறத்துக் கோட்டிலும் வலப்புறத்துக் கோட்டிலும் உள்ளவற்றை விட்டுவிடவேண்டும். இது சிறு விஷயம் என்று எண்ணற்க. எண்ணுபவன் இயல்பாகவே ஓரத்திலுள்ளதையும் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுவான். சட்டம் சிறிதாகுந்தோறும் பரப்புக்கு ஓரம் மிகுதி. ஒரு மீற்றர்ச் சட்டத்தில் ஒரு சதுர மீற்றருக்கு நான்கு மீற்றர் ஓரம். அரை மீற்றர்ச் சட்டத்திலோ அதே பரப்புக்கு எட்டு மீற்றர் ஓரமாகிவிடுகின்றது.

இந்த ஓரத்தைப் பற்றி இந்தியாவிலே பேரறிஞர்களுக்கிடையிற் பெரிய விவாதமே நடந்தது. 1931ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த மகலனோபிஸ், வங்காளத்துச் சணல், நெற் பயிர்களின் விளைவை அறிவதற்குச் சிறு சிறு துண்டுகளை அறுத்து நிறுக்கும் முறையைக் கையாண்டார். பி. வி. சுகாத்மே என்னும் மற்றொரு புள்ளியியலறிஞர், துண்டு மிகச் சிறிதானால் ஓரத்துப் பயிரும் உள்ளே சேர்ந்து விளைவை மிகைப்படுத்திக் காட்டும் என்று 1940களிலே வாதிட்டார். பஞ்சமும் பங்கீடும் நாட்டை வாட்டிய அக்காலத்திலே, ஒரு துண்டின் ஓரத்திலே செய்யும் சிறு தாராளம் ஒரு மாகாணத்தின் உணவுக் கணக்கையே பிழையாக்கிவிடும் அன்றோ? நம் நாட்டிலும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நெல் விளைச்சலை மதிப்பிடுவது, தெரிந்தெடுத்த வயல்களிற் சிறு பகுதியை அறுத்து நிறுத்துப் பார்த்தேயாகும். கமக்காரர் அறிந்த அந்த அறுவடைச் சோதனையும் நாம் பேசும் சதுரமும் உடன்பிறப்புகளே.

இனி எண்ணியதைக் கொண்டு என்ன சொல்லலாம் என்று பார்ப்போம். ஒரு ஹெக்டேயர் பரப்புள்ள சரிவிலே ஒரு சதுர மீற்றர்ச் சட்டத்தை 20 இடங்களில் வைத்ததாகவும், ஒரு குறித்த செடி மொத்தம் 60 அகப்பட்டதாகவும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சதுர மீற்றருக்குச் சராசரி மூன்று. ஒரு ஹெக்டேயர் 10,000 சதுர மீற்றராதலால், சரிவு முழுவதிலும் ஏறத்தாழ 30,000 செடிகள் இருக்கலாம் என மதிப்பிடுகின்றோம். இது அடர்த்தி எனப்படும். ஆனால் அந்த 60 செடிகளும் இருபது சட்டங்களிலும் பரவிக் கிடைத்தனவா, மூன்று சட்டங்களில் மட்டும் குவிந்து கிடைத்தனவா? இரண்டு நிலையிலும் சராசரி மூன்றுதான். முதல் நிலையிலே செடி சரிவெங்கும் வேரூன்றியுள்ளது. இரண்டாவது நிலையிலே நூற்றுக்குப் பதினைந்து இடங்களிலேதான் உள்ளது. பின்னதில் நம் மதிப்பீடும் உறுதியற்றது. இன்னும் பல சட்டங்கள் வைத்தாலன்றி அதனை நம்ப முடியாது. எத்தனை சட்டங்களில் ஒரு செடி காணப்பட்டது என்னும் இக்கணக்கை மீடிறன் என்பர். செடியை எண்ணாமலே, 'உண்டு', 'இல்லை' என்று மட்டும் குறித்து இக்கணக்கைப் பெறும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வளர்த்தவர் டென்மார்க்கு நாட்டுத் தாவரவியலறிஞர் ரவுன்கியர் ஆவர்.

மூன்றாவது கணக்கும் ஒன்றுண்டு. மானாப்புல்லை எண்ணப் புகுபவன், எது ஒரு புல், எது ஒரு தூறு என்று அறியாது திகைப்பான். அங்கே எண்ணிக்கையை விட்டுவிட்டு, நூலாற் பிரித்த 100 சிறு சதுரங்களில் எத்தனையை அது மூடியிருக்கின்றது என்று பார்க்கவேண்டும். 65 சதுரங்களை மூடியிருந்தால் மூடுகை நூற்றுக்கு அறுபத்தைந்து. அடர்த்தி, மீடிறன், மூடுகை என்னும் இம்மூன்றும் மூன்று சாட்சிகள். ஒருவர் சொல்லாததை மற்றவர் சொல்வர்.

மலைநாட்டிலே இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று, சரிவின் சாய்வு. 30 பாகைச் சாய்விலே நிலத்தோடு ஒட்டி அளந்த 100 சதுர மீற்றர், நிலப்படத்திலே ஏறத்தாழ 87 சதுர மீற்றர்தான். படத்திலுள்ள பரப்பைக் கொண்டு பெருக்குபவர்கள் இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மற்றொன்று, முகட்டிலிருந்து ஓடைவரை செடிகள் படிப்படியாக மாறும் தன்மை. இதை அறிய, மேலிருந்து கீழாக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அக்கயிற்றின் வழியே குறித்த தூரத்துக்கொரு சட்டமாக வைத்து இறங்கவேண்டும். கொழுந்து பறிப்போர் தம் நிரையை விட்டு விலகாமற் செல்வதுபோல, எண்ணுவோரும் கயிற்றை விட்டு விலகாமல் இறங்கவேண்டும். எங்கே மானா முடிகின்றது, எங்கே பன்னம் தொடங்குகின்றது, ஈரம் எந்தப் படியிலே வல்லாரைக்குப் போதுமானதாகின்றது என்பனவெல்லாம் அந்தக் கயிற்றிலே வரிசையாக வந்து நிற்கும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். நான்கடிக்கு நான்கடி நட்ட பழைய தேயிலையிலே ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,720 செடிகள் நிற்கவேண்டும். இன்று எத்தனை நிற்கின்றன, எத்தனை இடம் வெற்றிடம் என்பதைச் சில துண்டுகளை எண்ணிச் சொல்லிவிடலாம். மாட்டுக்குப் புல்லறுக்கும் பெண்களும், ஓடைக்கரையிலே கீரை பறிக்கும் மூதாட்டிகளும் செடிகளின் பெயரை மாணாக்கருக்குச் சொல்லிக்கொடுக்க வல்லவர்கள். ஒரே செடிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் வழங்கும் பெயர்களைப் பக்கத்திலே எழுதிக்கொண்டால், பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் சென்று சரியான தாவரப் பெயரைக் கேட்டறிவது எளிதாகும். 1821ஆம் ஆண்டு முதல் அங்கே அமைந்திருக்கும் அப்பூங்கா நமக்கு அண்மையிலிருப்பது ஒரு பேறேயாகும்.

சிறு சட்டத்திலே தொடங்கிய இம்முறை எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. சிங்கராஜ வனத்திலே 1993ஆம் ஆண்டிலே பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியற் பேராசிரியர்களான நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரின் முயற்சியாலே, வனத் திணைக்களத்தினதும் வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்களினதும் ஒத்துழைப்போடு, 25 ஹெக்டேயர் பரப்புள்ள ஆய்வு நிலம் ஒன்று வகுக்கப்பட்டது. 500 மீற்றர்ப் பக்கமுடைய பெருஞ் சதுரம் அது. அதனை இருபது மீற்றர்ப் பக்கமுடைய 625 சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள கன்று முதல் வானளாவிய மரம் வரை ஒவ்வொன்றுக்கும் இலக்கத் தகடு கட்டி, அளந்து, இனங்கண்டு எழுதினர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள், ஏறக்குறைய இருநூறு இனங்கள் அச்சதுரத்தினுள் அடங்கின.

தமிழ்நாட்டிலே நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டிலும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார் குழுவினர் 1988ஆம் ஆண்டிலே 50 ஹெக்டேயர் நிலத்தை அவ்வாறே வகுத்தனர். அங்கே கிடைத்தவை ஏறத்தாழ 26,000 மரங்களும் எழுபதளவான இனங்களும். சிங்கராஜ நிலத்தைப்போல இருமடங்கு பரப்பு. மரங்களோ எட்டில் ஒரு பங்களவு. ஒன்று மழைக்காடு; மற்றது கோடையிலே இலையுதிர்த்து, தீக்கும் யானைக்கும் இடங்கொடுக்கும் காடு. 'இரண்டும் காடுதானே' என்று கண் சொல்லும். எண்ணிக்கை அவ்வாறு சொல்லாது. ஆண்டுதோறும் அங்கே திரும்பத் திரும்ப எண்ணியதனாலேயே, யானைகள் விரும்பித் தின்னும் சில இனங்கள் விரைந்து குறைவதையும், தீயினால் இளங்கன்றுகள் மடிவதையும் அறிஞர்கள் அளவோடு சொல்ல முடிந்தது.

இத்தனையும் தெல்தோட்டைச் சரிவுக்கு ஏன் வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை, நான் முன்னர் சொன்ன 'தரிசு' என்னும் சொல்லிலே இருக்கின்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினால், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலங்களெல்லாம் முடிக்குரியவை எனக் கொள்ளப்பட்டன. கோப்பித் தோட்டங்கள் பரவுவதற்கு அதுவே வழிதிறந்தது. தரிசு என்ற சொல் ஒரு நிலத்தின் தலைவிதியை மாற்ற வல்லது. மலைநாட்டின் பத்தனைப் புல்வெளிகளைப் பற்றி 1899ஆம் ஆண்டிலேயே பியர்சன் என்னும் தாவரவியலறிஞர் ஆராய்ந்து எழுதினார். அவை இயற்கையாய் அமைந்தனவா, தீயும் கோடரியும் ஆக்கினவா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. ஆயினும் பொதுமக்கள் வாயிலே அவை வெறும் புல்லென்றே நின்றன. 1970களிலும் 1980களிலும் இத்தகைய பல சரிவுகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் பைன் மரங்கள் நடப்பட்டன. கண்டிக்கு அருகே ஹந்தானையில் அவற்றைக் காணலாம். மண்ணரிப்பைத் தடுக்க வந்த மரமென்று சிலர் போற்றினர்; நீரையும் கீழ்வளர்ச்சியையும் கெடுத்த மரமென்று சிலர் தூற்றினர்.

இரு சாராருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. பைனின் கீழ் இருபது சதுரங்களையும், பக்கத்துப் புல்வெளியிலே இருபது சதுரங்களையும் சீட்டெடுத்து வைத்து, நாட்டு மரக்கன்றுகள் எங்கே எத்தனை முளைத்திருக்கின்றன என்று எண்ணுங்கள். பின்னர் வாதிடுங்கள். சிங்கராஜ வனத்தின் ஓரத்திலே பைன் மரங்களின் சில வரிசைகளை வெட்டி வெளிச்சம் விட்டு, அவ்விடத்திலே நாட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தபோது அவை நன்கு வளர்ந்தன என்பது எண்ணியும் அளந்தும் கண்ட முடிபு. போற்றலினாலோ தூற்றலினாலோ அது கிடைக்கவில்லை. எரிந்த சரிவையும் எரியாத சரிவையும் இவ்வாறே ஒப்பிடலாம். தீ வைத்தால் மாட்டுக்கு இளம்புல் கிடைக்கும் என்பதும் உண்மையாயிருக்கலாம். ஒவ்வொரு தீயிலும் மரக்கன்றுகள் மாய்கின்றன என்பதும் உண்மையாயிருக்கலாம். எவ்வளவு கிடைக்கின்றது, எவ்வளவு மாய்கின்றது என்பதே கேள்வி. எண்ணிக்கையில் விடுபட்டவன் நிலை எத்தகையது என்பதை மலையகத்து மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. செடிக்கும் அதே கதிதான். எண்ணப்படாதது இல்லாததாகவே கருதப்படும். இல்லாததாகக் கருதப்பட்டதை அழிப்பதற்கு எவரும் தயங்கார்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலைக்கு அருகே, மண்சரிவு அபாயம் இல்லாத ஒரு சிறு சரிவைத் தெரிந்தெடுங்கள். நிலத்துக்குரியவரிடம் அனுமதி பெறுங்கள். சதுரங்களின் மூலைகளிலே உறுதியான முளைகளை அடியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே மாதத்திலே, அதே சதுரங்களை எண்ணுங்கள். செடிகளைப் பிடுங்காதீர்கள், எண்ணுவோர் மிதித்தே அழித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணிய திகதி, எண்ணியவர் பெயர், அவ்வாண்டு தீ வந்ததா, மழை எப்படி என்பவற்றை ஒரே பேரேட்டில் எழுதி வையுங்கள். இங்கிலாந்திலே ரொதாம்ஸ்ரெட் என்னுமிடத்திலுள்ள ஒரு புற்றரையை 1856ஆம் ஆண்டு முதல் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகின்றனர்; தொடங்கியவர்களில் எவரும் இன்றில்லை, ஏடு மட்டும் வளர்ந்துகொண்டிருக்கின்றது.

அரசினர் பாடசாலையிலே அதிபரும் ஆசிரியரும் இடமாற்றம் பெற்றுப் போவது வழக்கம். மாணாக்கரும் பரீட்சை முடிந்ததும் கொழும்புக்கும் வேறிடங்களுக்கும் தொழில் தேடிப் போய்விடுவர். முளைகள் மட்டும் நிலத்திலே நிற்கும். பேரேடு அலுமாரியிலே இருக்கும். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அச்சரிவிலே வீடு கட்டுவதா, மரம் நடுவதா, நீரூற்றைக் காப்பதா என்ற பேச்சு எழும்போது, 'முன்னெல்லாம் இங்கே ஒன்றுமில்லை' என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்பொழுது அந்தப் பேரேட்டைத் திறந்து, இன்ன ஆண்டிலே இன்ன சதுரத்திலே இத்தனை கன்றுகள் நின்றன என்று படித்துக் காட்டுவதற்கு ஒரு பிள்ளை இருந்தால், அதுவே இம்முயற்சியின் பயனாகும்.